சிபார்சுக்குப் புதுப் பெயர்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குப் பெட்டகம் ஒவ்வொன்றின் மீதும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் கப்பலில் வந்தது, எந்த வரிசையில் அடுக்கப்பட்டது, எப்போது லாரியில் ஏறி வாயிலைக் கடந்தது என்பதெல்லாம் அந்தக் குறியை வைத்தே கணினியில் பதிவாகின்றன. இப்படிக் குவியும் கணக்குகளை ஆராய்ந்து, தாமதம் எங்கே, வீண்செலவு எங்கே என்று எடுத்துச் சொல்பவருக்குத் தரவு ஆய்வாளர் என்று பெயர். துறைமுகம் முதல் வங்கி வரை இன்று அவரைத் தேடுகிறார்கள்.

பெட்டக லாரிகளின் புகையிலும் புழுதியிலும் வளர்ந்த எண்ணூர் இளைஞனும் திருவொற்றியூர்ப் பெண்ணும் இந்த வேலைக்குப் படிக்காமல் இல்லை. பட்டம் பெற்றிருக்கிறார்கள், கணினி கற்றிருக்கிறார்கள். 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் போன்றவை பயிற்சியும் தந்திருக்கின்றன. பிறகு தடையாய் நிற்பது எது? ‘ரெஃபரல்’ என்னும் கதவு!

நிறுவனத்தில் ஏற்கெனவே பணிபுரியும் ஒருவர், தமக்குத் தெரிந்தவரின் பெயரை உள்ளே கொடுக்கிறார். ஆயிரம் மனுக்களின் அடியில் கிடக்க வேண்டிய மனு மேலே வந்துவிடுகிறது. அவருக்கு வேலை கிடைத்தால், பெயர் கொடுத்தவருக்கு வெகுமதி தரும் நிறுவனங்களும் பல. நம் பாட்டன் காலத்தில் இதற்குச் சிபார்சு என்று பெயர். கோட்டு மாட்டிக்கொண்டதும் அது ரெஃபரல் ஆகிவிட்டது!

இதற்கும் நியாயம் சொல்கிறார்கள். தன் பெயர் கெடுமே என்று அஞ்சி, ஊழியர் தகுதியானவரைத்தான் அனுப்புவார். விளம்பரச் செலவும் மிச்சம் என்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊழியருக்குத் தெரிந்தவர் யார்? சித்தப்பா மகன், கூடப் படித்தவன், அடுத்த வீட்டுப் பிள்ளை. மீன்பிடி வலையையும் மில் கூலியையும் நம்பி வாழ்ந்த வீட்டின் முதல் பட்டதாரிக்கு அங்கே எந்தச் சித்தப்பா இருக்கிறார்?

கதவு திறந்திருந்த இடத்திலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். பத்திரிகையில் விளம்பரம் செய்த தனியார் நிறுவனங்களுக்கு, ஒரே தகுதியுள்ள மனுக்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிச் சோதித்தார்கள் சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்னும் ஆய்வாளர்கள். 2007இல் வெளியான முடிவு இது: உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கோ மூன்றில் ஒரு பங்கு! விளம்பரம் செய்தபோதே இந்த நிலை என்றால், விளம்பரமே இல்லாமல் வேண்டியவர் மூலம் நிரம்பும் இடங்களில் ‘தகுதி, திறமை’ என்ற பேச்சுக்கு என்ன பொருள்?

இந்த நோய் புதிதல்ல, மருந்தும் புதிதல்ல. துறைமுகக் கூலிவேலை ஒரு காலத்தில் மேஸ்திரி கைகாட்டியவனுக்கே கிடைத்தது. 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் வழியே தொழிலாளர் வாரியம் அமைந்து, பெயர்ப் பதிவேடும் முறைவேலையும் வந்தன. சர்க்கார் உத்தியோகத்திலும் அப்படியே. இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக 1929இல் சென்னை மாகாணத்தில்தான் தேர்வாணையம் பிறந்தது. துரையின் தயவு போய்த் தேர்வு வந்தது. மூட்டை சுமந்தவனுக்குக் கிடைத்த முறை, கணினி முன் அமரப்போகும் அவன் பேரனுக்கு வேண்டாமா?

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கியது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. வேலை கேட்டு அங்கே மீனவ மக்கள் போராடியதை நாடறியும். அந்தக் கோரிக்கை கூலிவேலையோடு நின்றுவிடக் கூடாது. இந்த வட்டாரத்துத் துறைமுகங்களும் ஆலைகளும் தங்கள் தொடக்கநிலைக் கணினி, தரவுப் பணியிடங்கள் அனைத்தையும் வெளிப்படையாக அறிவிக்கட்டும். முதற்சுற்றில் பெயரையும் ஊரையும் மறைத்துப் பொதுத்தேர்வு நடத்தட்டும். சிபார்சில் எத்தனை பேர், நேர்வழியில் எத்தனை பேர் எடுக்கப்பட்டனர் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டட்டும். தரவு, தரவு என்று முழங்குவோர் இந்தத் தரவை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும்?

அதுவரை நம் பிள்ளைகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நெருங்கிய நண்பரைவிட, எப்போதோ சந்திக்கும் அறிமுகமானவரே புதுவேலைச் செய்தி கொண்டுவருகிறார் என்று 1973இலேயே எழுதினார் அமெரிக்க அறிஞர் மார்க் கிரனோவெட்டர். காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததே, தூரத்து அறிமுகம்தான் வேறோர் உலகத்துச் செய்தியை அறியும். ஆகவே அந்த அறிமுகத்தைத் தேடுங்கள். ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்று கெஞ்ச வேண்டாம். பெருந்துறைமுகங்களின் சரக்குக் கணக்கு மாதந்தோறும் வெளியாகிறது. அதை ஆராய்ந்து கையில் எடுத்துப் போய், ‘இதில் குறை என்ன?’ என்று கேளுங்கள். கெஞ்சலை மறந்துவிடுவார்கள், வேலைத்திறனை மறக்கமாட்டார்கள்.

வடசென்னையிலிருந்து ஏற்கெனவே உள்ளே சென்று அமர்ந்துவிட்ட தோழர்களுக்கும் ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நம் பகுதிப் படிப்பகத்துக்கு வாருங்கள். சித்தப்பா இல்லாத பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சித்தப்பா. ஆனால் உங்கள் கருணையை நம்பியே ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது. கருணை வரும், போகும், முறைதான் நிற்கும். அந்த முறையைக் கேட்டுப் பெறுவோம்!