தமிழில் ஒரு பணியாணை

அண்ணாமலையார் கோயிலையும் இரமணாசிரமத்தையும் நாடி அயல்நாட்டார் திருவண்ணாமலைக்கு வருவது நெடுநாள் வழக்கம். அவர்கள் அருள் தேடி வருபவர்கள். இம்மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், செய்யாற்றுக்கு வந்துள்ள அயல்நாட்டாரோ ஆள் தேடி வந்தவர்கள். தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் காலணி ஆலை, அங்குள்ள சிப்காட் வளாகத்தில் நைக்கி காலணிகளைச் செய்து தருகிறது. பணிபுரிவோர் பல்லாயிரவர், அவருள் பெரும்பாலோர் பெண்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்குக் கட்டட வேலை தேடிப் பெயர்ந்த குடும்பங்களை அறிந்தவர் எவரும் இவ்வேலைவாய்ப்பைக் குறைத்துப் பேசார். யாமும் பேசோம்.

எனினும் ஒரு வினா உண்டு. பிறநாட்டில் ஆள் எடுக்கும் நிறுவனம் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டங்களுக்கு உட்பட்டு நடத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நிறுவனங்களும் அவ்வாறே நடப்பதாக உரைக்கின்றன. அச்சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவருக்கு விளங்கும் மொழியில் அது அவர் கைக்கு வந்து சேர்ந்ததா? இதுவே எம் வினா.

அயல்நாட்டு முதலாளியும் தமிழ்த் தொழிலாளியும் எதிரெதிர் நின்ற வரலாறு நமக்குப் புதிதன்று. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் ஹார்வி நிறுவனத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது அவர்தம் பக்கம் நின்றவர் வ.உ.சி. 1918-இல் பெரம்பூர்ப் பின்னி ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது பி.பி. வாடியாவோடு சேர்ந்து உழைத்தவர் திரு.வி.க. முன்னவர் தொல்காப்பிய உரை பதிப்பித்தவர். பின்னவர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர். தமிழ் படித்தவர்க்கும் ஆலை வாயிலுக்கும் என்ன உறவு என்று கேட்போர் இவ்விருவரையும் நினைவு கொள்க. பின்னி நிறுவனம் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் அமைத்தலே குற்றமாகி விடுமோ என அன்று எழுந்த அச்சமே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலியது. பெரம்பூரில் விதைத்தது நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

அச்சட்டத்தின்கீழ்த் தம் சங்கத்தைப் பதிவு செய்யவும், நிருவாகம் அதனை ஏற்கவும் வேண்டிச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பதிவு கிட்டியது 2025 சனவரியில். தன் தாயகமான தென்கொரியாவில் சங்கமே வேண்டா என்னும் கொள்கையைப் பல்லாண்டு போற்றி, 2020-இல்தான் அதனைக் கைவிடுவதாக அறிவித்த நிறுவனம் அது. வேற்று நாட்டில் ஆள் எடுப்பவர் தம் ஊர் வழக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர இயலாது. நம் அரசும் எப்பொழுதும் உறுதியாய் நின்றதென்று சொல்வதற்கில்லை. நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்தபின் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதை யாவரும் அறிவர்.

இனி மொழிக்கு வருவோம். ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் வாயிலருகே பலகையில் வைத்தல் வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் அறிவிப்புகளுக்கு இவ்வாறே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் இவற்றின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துள்ளன. ஒவ்வொரு பணியாளர்க்கும் நியமன ஆணையை எழுத்தில் வழங்கவேண்டும் என்பது அவற்றுள் வரவேற்கத்தக்க கூறு. நிலையாணை கட்டாயமாவதற்கான தொழிலாளர் எண்ணிக்கை பொதுவாக 100 என்றிருந்தது 300 ஆக உயர்ந்தமை வரவேற்கத்தக்கதன்று.

எம் பழைய மாணவி ஒருவர், தமிழிலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறியவர், தம் பணியாணையை எம்மிடம் காட்டினார். நிறுவனத்தின் பெயர் வேண்டா. ஆறு பக்கம்; முழுதும் ஆங்கிலம். அவர் கையெழுத்திட்ட இடத்தில் மட்டும் தமிழ் இருந்தது. பணி கொடுத்தவர் என்னும் இடத்தில் அவர் நாள்தோறும் சென்று வரும் அயல்நாட்டு ஆலையின் பெயர் இல்லை. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் பெயர் இருந்தது. பதினொரு மாதத்திற்கு ஒருமுறை புது ஆணை வருமாம். 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவர்க்கு நிலைப்பேறு தரும் சட்டத்தை 1981-இலேயே தமிழகச் சட்டமன்றம் இயற்றியுள்ளது என்று யாம் சொல்லக் கேட்டுத்தான் அவர் அறிந்தார்.

ஒப்பந்தக்காரர் இடையில் நின்றால் பொறுப்பு யாருடையது என்பது மங்கிவிடும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஏனையோர் நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை மூடப்பட்டு 2022 சனவரி 12-இல்தான் திறந்தது. தங்குமிடங்கள் சில உரிய தரத்தில் இல்லை என ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. சாலைக்கு வந்தபின்னரே அப்பெண்களின் குரல் அமெரிக்கா வரை கேட்டது.

இதற்கு மாறாக ஒன்று சொல்வோம். நம்மூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு எனக் கூறும் ஒப்புதல் கடிதத்தை, அவர் புறப்படுமுன் அவர்தம் தாய்மொழியிலேயே அனுப்புதல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. கடல் கடந்து செல்லும் தமிழனுக்குத் தமிழில் கடிதம். செய்யாற்றுக்கும் சுங்குவார்சத்திரத்திற்கும் செல்லும் தமிழ்ப்பெண்ணுக்கு அவ்வுறுதி இல்லை. கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என விதி செய்த மாநிலம் இது. பலகையைவிடப் பணியாணை சிறியதோ? தொகுப்புச் சட்டங்களுக்கான மாநில விதிகளில், நியமன ஆணையும் நிலையாணையும் தமிழிலும் வழங்கப்படல் வேண்டும் என்னும் ஒரு வரியை அரசு சேர்த்தல் வேண்டும். தலைமையகத்திற்கு ஆங்கிலம் தேவையெனில் அதுவும் உடனிருக்கட்டும்.

எம்மையொத்த தமிழ்த் துறையினர்க்கும் இதில் பணியுண்டு. அகத்திணைத் துறைகளை வரிசை பிறழாது சொல்லும் மாணவர்க்கு நிலையாணை, பணிக்கொடை, மிகைநேர ஊதியம், ஆட்குறைப்பு, கதவடைப்பு என்னும் சொற்களின் பொருள் தெரிவதில்லை. பாடத்திட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை என்பர். பயன்பாட்டுத் தமிழ் என ஒரு தாள் உண்டே. விளம்பரமும் விண்ணப்பமும் எழுதக் கற்பிக்கும் அத்தாளில் ஒரு பணியாணையைப் படிக்கக் கற்பித்தால் ஆகாதா?

சமுதாயப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலில் நம்மவர் பலர் வேலை கொடுப்போராகவும் உள்ளனர். அயல்நாட்டுக் கொள்முதலாளர் அனுப்பும் ஆய்வாளர்க்கு ஆங்கிலத்தில் ஏடுகளை அடுக்கிக் காட்டுவதில் அவர்கள் வல்லவர்கள். தோல் பதனிடும் தொட்டியருகே நிற்பவரிடமும் தமிழில் ஓர் ஏடு இருக்கட்டும். ஆங்கிலப் படியை அனுப்பினால் எம் துறையினர் தமிழாக்கித் தருவோம்; கட்டணம் வேண்டா.