இல்லை என்று சொல்லத் தெரியாத சீட்டுக்கட்டு

ஒரு ஆரக்கிள் சீட்டுக்கட்டு நன்றாக 'வேலை செய்கிறதா' என்ற கேள்வி ஆங்கிலத்தில் ஒற்றைக் கேள்வி. தமிழில் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சீட்டை வைத்துச் சொன்னது பலித்ததா என்பது ஒன்று. கேட்டவரின் நிலைமைக்கு அது பொருந்தியதா என்பது மற்றொன்று. பலித்தல் நாளைக்குரியது; சரிபார்க்கக் காத்திருக்க வேண்டும். பொருந்துதல் இன்றைக்குரியது, கேட்டவர் தலையசைத்தால் முடிந்தது. இக்கட்டுகளைப் பாராட்டிப் பேசுவோரில் பெரும்பாலோர் பொருத்தத்தை அளந்துவிட்டுப் பலிதத்திற்குச் சான்றிதழ் வழங்கிவிடுகின்றனர். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

டாரட் கட்டுக்கும் ஆரக்கிள் கட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். டாரட்டில் 78 சீட்டுகள். 22 பெருஞ்சீட்டுகள், 56 சிறுசீட்டுகள். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களோடு 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டே இன்றைய பெரும்பாலான டாரட் கட்டுகளுக்கு முன்மாதிரி. ஆரக்கிள் கட்டுக்கு இத்தகைய வரையறை எதுவும் கிடையாது. எத்தனை சீட்டு, என்ன படம், என்ன பொருள் என்பதையெல்லாம் ஆக்கியவரே முடிவு செய்கிறார். படத்தின் கீழே ஒரு சொல்லையும் அச்சிட்டுவிடுகிறார். இலக்கணம் எழுதப்பட்ட மொழிக்கும் ஒருவர் தம் வீட்டிலிருந்தபடி உருவாக்கிய சொற்பட்டியலுக்கும் உள்ள தொலைவு அது.

தமிழ் நிலத்திற்கு இவ்வகைக் கருவிகள் புதியவை அல்ல. கட்டையும் கழங்கையும் தொல்காப்பியமே குறிப்பிடுகிறது. முறத்தில் நெல்லிட்டு எண்ணிப் பார்த்த கட்டுவிச்சியும், கழங்கை உருட்டிய வேலனும் சங்கப் பாடல்களின் அறியப்பட்ட மாந்தர்கள். பஞ்சாங்கத்தில் கண்ணை மூடி விரல் வைக்கும் சீதா சக்கரம், கோயிலில் பூக்கட்டிப் பார்த்தல் என்று அந்த வரிசை நீள்கிறது. ஆனால் படம் போட்ட சீட்டுகளை அடுக்கி, அவற்றில் ஒன்றை எடுத்து, அதைக் கேட்டவருக்கு விரித்துரைப்பது என்று பார்த்தால் ஆரக்கிள் கட்டின் நேரடி உறவினர் கிளி சோதிடச் சீட்டுக்கட்டுதான். வழக்கமாக அதில் 27 சீட்டுகள் என்பர். சோதிடருக்குச் சோதிடர் மாறுவதும் உண்டு. பெரும்பாலும் இந்துத் தெய்வங்கள்; இடையே மாதாவும் வருவார். எதிரே வந்து அமர்பவர் யார் என்று தெரியாத தெருவோரத் தொழிலுக்கு இந்த ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

இக்கட்டின் 'செயல்பாடு' அண்மையில் பொதுவெளியில் சோதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், கடலூர் மக்களவைத் தொகுதியில் பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான், பரப்புரையின் இடையே ஒரு கிளி சோதிடரிடம் அமர்ந்தார். கிளி ஒரு தெய்வத்தின் சீட்டை எடுத்துக் கொடுத்தது. வெற்றி உறுதி என்று சோதிடர் சொன்னார். காணொளி பரவியது. கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் வனத்துறையினர் சோதிடரைப் பிடித்து, பின்னர் எச்சரித்து விடுவித்தனர். தேர்தலில் வென்றவர் காங்கிரஸின் விஷ்ணு பிரசாத்.

அன்று தவறியது எது? சீட்டு என்று பலரும் சொல்வர். ஆனால் சீட்டில் இருந்தது ஒரு தெய்வத்தின் உருவம் மட்டுமே. அதில் கடலூர் இல்லை, வாக்கு இல்லை, எழுவாய் பயனிலை எதுவும் இல்லை. உருவம் மெய்யாவதும் இல்லை, பொய்யாவதும் இல்லை. ஒரு கூற்றுக்குத்தான் அந்தத் தகுதி உண்டு. 'வெற்றி' என்ற பயனிலையைச் சேர்த்தவர் சோதிடர். அவரும் எதிரே அமர்ந்தவர் வேட்பாளர் என்று தெரிந்தே சேர்த்தார். ஆகவே 'இந்தக் கட்டு பலிக்கிறது' என்பதும் 'இந்தக் கட்டு பலிக்கவில்லை' என்பதும் இலக்கண அளவிலேயே பிழையான வாக்கியங்கள். பலிப்பதும் பலிக்காமல் போவதும் மனிதர் சொன்ன சொல்.

சீட்டே கூற்றாக அமைந்த நேரமும் ஒன்று உண்டு. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மணி என்ற கிளி, மோதும் இரு நாடுகளுக்குரிய இரு சீட்டுகளில் ஒன்றை எடுத்தது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் சரியாக எடுத்தது. நாணயம் சுண்டினாலும் பதினாறில் ஒருமுறை அப்படி அமையும். இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது. ஸ்பெயின் 1–0 என்று வென்றது. இரண்டே சீட்டு, தெளிவான பொருள், சரிபார்க்கத்தக்க விடை. சோதனைக்கு இதைவிடச் சிறந்த கட்டு அமையாது. அதனாலேயே அது நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. நீண்ட நாள் நிலைக்கும் கட்டுகள் எல்லாம் பொருளைச் சற்றே மங்கலாக வைத்திருப்பவை.

மங்கல் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்து, ஒவ்வொருவருக்கும் 'அவருக்கே உரிய' விளக்கத்தைத் தந்தார். அது தம்மோடு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அனைவர் கையிலும் இருந்தது ஒரே விளக்கம். அதன் வரிகளும் பெரும்பாலும் கடைத்தெருவில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பொருந்துகிறது என்று கேட்டவர் சொல்வதை மட்டும் வைத்து ஒரு கட்டைப் பாராட்ட முடியாது என்பதற்கு இதுவே போதும். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி குறி சொல்லி வியக்க வைக்கிறாள். வசந்தவல்லி யார்மீது காதல்கொண்டாள் என்பது சிங்கி வருமுன்பே அவையில் இருந்த அனைவருக்கும் தெரியும்.

சிறிய கட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 27 சீட்டுள்ள கட்டிலிருந்து ஏழு பேர், எடுத்த சீட்டைத் திரும்ப வைத்துக் கலைத்துக் கலைத்து, ஆளுக்கு ஒன்று எடுத்தால், யாரேனும் இருவருக்கு ஒரே சீட்டு வர நூற்றுக்கு 57 வாய்ப்பு இருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே அம்மன் வந்த வீட்டில் அதைத் தற்செயல் என்று சொல்லிப் பார்க்கலாம், காப்பி கிடைக்காது. கிளி எடுக்கும் கட்டில் இந்தக் கணக்கும் முழுமையாகச் செல்லாது. கிளி மேலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்பதில் நெல்மணியை நீட்டும் கைக்கும் பங்குண்டு.

சரி, பலிதத்தை ஒதுக்கிவிட்டால் ஒரு கட்டை மதிப்பிட வழியே இல்லையா? இருக்கிறது. மனம் குழம்பிய ஒருவர் தம் நிலைமையை உரக்கப் பேசிப் பார்க்க உதவும் கருவியாக அதைக் கொண்டால், ஒரு மொழியின் சொல்வளத்தை மதிப்பிடுவதுபோலவே அதையும் மதிப்பிடலாம். முதற்கேள்வி: அதனால் எதிர்மறை பேச முடியுமா?

36 சீட்டுள்ள லெனோர்மாண்ட் கட்டை எடுத்துக்கொள்ளலாம். பாரிசில் வாழ்ந்து 1843இல் மறைந்த குறிசொல்லியின் பெயரை அது தாங்கினாலும், மூலம் நியூரம்பெர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெக்டல் என்பவர் உருவாக்கிய ஒரு வீட்டு விளையாட்டு. அதில் சூரியன், பூங்கொத்து, இதயம் உண்டு. சவப்பெட்டி, அரிவாள், எலிகள், பாம்பு, சிலுவை ஆகியவையும் உண்டு. இரு சீட்டுகளை அருகருகே வைத்தால் ஒன்று பெயராகவும் மற்றொன்று அதற்கு அடையாகவும் நின்று பொருள் தரும். உடன்பாடும் எதிர்மறையும் தொடரமைப்பும் உள்ள கட்டு அது.

நேர்மாறான எல்லையில் நிற்பவை டோரீன் வெர்ச்யூ புகழ்பெறச் செய்த தேவதைக் கட்டுகள். அவர் இணைந்து உருவாக்கிய தேவதை டாரட்டில் மரணச் சீட்டின் பெயர் 'ரிலீஸ்' ஆயிற்று. சாத்தான் 'ஈகோ' ஆனான். நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதன்று. தகுதி வழக்கில் மங்கலம் என்று ஒரு வகை உண்டு. இறந்தார் என்னாமல் இயற்கை எய்தினார் என்பது அதன்படி. ஆனால் மங்கல வழக்கு இயங்குவது அமங்கலச் சொல் மொழியில் உயிரோடு இருப்பதால்தான். இயற்கை எய்தினார் என்றதும் கேட்பவர் மனத்துக்குள் மற்றச் சொல்லைப் பெயர்த்துக்கொள்கிறார். அமங்கலத்தையே நீக்கிய கட்டில் பெயர்த்துக்கொள்ள எதுவும் இல்லை. எல்லாச் சீட்டும் 'ஆம்' என்னும்போது எந்தச் சீட்டும் எதையும் சொல்லவில்லை. வெர்ச்யூ 2017இல் கிறித்தவத்தைத் தழுவி, தம் கட்டுகளை விட்டுவிடுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். பலர் விடவில்லை. சொல்லின் பொருள் அதை ஆக்கியவர் கையில் இல்லை என்பதற்கு மொழியியல் வகுப்பில் காட்டத்தக்க சான்று.

அடுத்த கேள்வி, கட்டின் மொழி யாருடைய மொழி என்பது. சந்தாபுரா போன்ற ஊரில்தான் இது உறைக்கும். எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தெற்கே, ஓசூர் சாலையில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் ஊர். ஆங்கிலத்தில் அச்சான கட்டு கூரியரில் வந்து இறங்குகிறது. வாசிப்பவர் தமிழில் விளக்க, கேட்பவர் கன்னடத்தில் யோசிக்கலாம். 'சரண்டர்' என்று ஒரு சீட்டு வருகிறது. அமெரிக்க மனநலப் பேச்சில் அதற்குப் பிடியைத் தளர்த்துவது என்று பொருள். தமிழில் அது வைணவரின் சரணாகதியாகவோ, நீதிமன்றத்தில் சரணடையும் குற்றவாளியாகவோ மாறிவிடும். இரண்டும் இருவேறு அறிவுரைகள். 'ரிலீஸ்' என்றால் தமிழ்க் காது கேட்பது படம் வெளியாவதை, அல்லது சிறையிலிருந்து ஒருவர் வெளிவருவதை. 'பவுண்டரீஸ்' சீட்டை எல்லை என்று பெயர்த்தால் சந்தாபுராக்காரர் நினைவுக்கு அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடி வரும். உறவுகளிடம் வகுத்துக்கொள்ள வேண்டிய வரம்பு என்று விளக்குவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

இந்த இடத்தில் கிளிக்கட்டு முந்திவிடுகிறது. அதன் படங்களுக்குக் கீழே சொல் வேண்டியதில்லை. இராமர் வந்தால் காடும் முடிசூட்டும் சேர்ந்தே வருகின்றன. முருகன் வந்தால் பழனியில் கோவணத்தோடு நின்றவரா, வள்ளி தெய்வானையோடு நிற்பவரா என்ற வேறுபாடு படத்திலேயே தெரிகிறது. சோதிடர் வாய் திறக்குமுன் கேட்டவர் பாதி வாசித்து முடித்துவிடுகிறார்; சோதிடர் பிசகினால் மனத்துக்குள்ளாவது திருத்துவார். இந்தத் திருத்தும் உரிமை அச்சிட்ட ஆங்கிலச் சொல்லை வாங்கிக்கொள்பவருக்கு இல்லை. கையேட்டில் உள்ளதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கதைகளில் துன்பம் இருப்பதால் எதிர்மறையும் தானாகவே கட்டுக்குள் இருக்கிறது. கிளியைக் கூண்டில் அடைப்பதற்கு இது நியாயம் ஆகாது. கிளி இல்லாமலேயே கேட்பவர் தம் கையால் எடுக்கலாம். கட்டுக்கு ஒன்றும் குறையாது, கலைப்பும் நேர்மையாக இருக்கும். தொழிலை விட்டவருக்கு மாற்று வழி என்ன என்பது தனிக் கேள்வி. சட்டம் மரத்தடியில் அமர்ந்தவரைத் தேடிப் பிடிக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நல்ல கட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஓசூருக்கு வீடு மாறலாமா, பழைய நண்பரிடம் முதலில் பேசலாமா என்ற கேள்விகளுக்கு விடையைக் கேட்டவரே வைத்திருக்கிறார்; படம் அதை வெளியே இழுக்கலாம். மார்பில் ஒரு கட்டி தென்பட்ட பெண் அந்தக் கேள்வியோடு வந்தால் விடை அவரிடம் இல்லை. தேவதைக் கட்டு 'ஹீலிங்' என்று நீட்டும். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், மூன்று மாதம் போகும். லெனோர்மாண்டின் எட்டாம் சீட்டான சவப்பெட்டி வந்தால் பயந்தாவது மருத்துவரிடம் போவார் என்று வாதிடலாம். ஆனால் அது 36இல் ஒரு சீட்டு, சூரியன் வருவதற்கும் அதே அளவு வாய்ப்பு. அவ்வேளையில் கட்டைக் கலைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, இதே ஓசூர் சாலையில் நகரை நோக்கிப் போனால் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, நாளைக் காலையிலேயே போங்கள் அக்கா என்று சொல்பவர் கையில் எந்தக் கட்டு இருந்தாலும் பரவாயில்லை.