வண்டியின் மதிப்புச் சாரதியிடத்தே

மோட்டார் வண்டியைப் பற்றி இம்மலரில் எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறுதல் கூடும். பழைய மாணவர் கூடுமிடத்தில் முதற்கண் பேசப்படுவது ஆசிரியப் பெருமக்களின் பெருமை. அடுத்துப் பேசப்படுவது அவரவர் வந்திறங்கிய வண்டியின் பெருமை. ஆதலின் இரண்டாவதைப் பற்றிச் சில கூறுதல் தவறாகாது. யானும் வண்டிகள்மீது தீராத விருப்புடையேன். எனினும் அவ்விருப்புடையார் பலர் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்ல விழைகின்றேன். வண்டியின் மதிப்பை அதன் விலைகொண்டு அளத்தல் பேதைமை. அதனைச் செலுத்துவோனின் ஒழுக்கமே அதற்கு அளவுகோல்.

நல்ல வண்டி யாதென வினவுவார்க்கு மொரிஸ் மைனரைக் காட்டுவேன். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர் வகுத்த அவ்வண்டி, 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நடுவே இரு கூறாக வெட்டி நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் அவர். தொடக்கத்தில் அதன் இயந்திரம் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவினதே; 1962இல் அது 1098 ஆயிற்று. இவ்வெண்கள் இன்றைய இளைஞர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் பதினாறு இலட்சம் வண்டிகள் அவ்வகையிற் செய்யப்பட்டன. அவற்றுட் சில இன்றும் வெள்ளவத்தைத் தெருக்களில் ஓடக் காண்கின்றோம்.

அவை நம் நாட்டில் இத்துணைக் காலம் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ள வண்டிகளைப் பேணியே மக்கள் காலங் கழித்தனர். பஞ்சிகாவத்தைக் கடைகளிற் கிடையாத பாகத்தைக் கடைச்சற் பட்டறையிற் கடைவித்துப் பொருத்தினர். 'பாஸ்' என்று நாம் அழைக்கும் திருத்துநர், இயந்திரத்தின் ஒலிகேட்டே நோயறிந்தனர். உடையவரும் ஒயில் பார்க்கவும், ரயர் மாற்றவும், இயந்திரத்தைத் துடைக்கவும் அறிந்திருந்தனர். தன் கையாற் பேணிய பொருளை மனிதன் எளிதில் முரட்டுத்தனமாகக் கையாளான். அக்காலத்துச் சாரதியரின் நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இன்று நிலைமை வேறாயிற்று. 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டிகளின் விலையும் ஏறவே, காரானது பெட்டியில் வைக்கும் பொன்னணிபோல் ஆயிற்று. திருமணப் பேச்சிலும் அதற்கோர் இடம் கிடைத்தது. 2022இல் எரிபொருட் பங்கீடு வந்தபோது, வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் முதலில் ஒதுக்கப்பட்டன. நிழலில் நிறுத்தி வைத்த காருக்கு இருபது. வண்டியோட்டியே உலைவைக்க வேண்டியவனுக்கு ஐந்து. முச்சக்கர வண்டிக்காரரின் ஒழுங்கீனத்தை நாள்தோறும் பழிக்கும் நாம், அன்று அவர் நின்ற வரிசையின் நீளத்தையும் நினைவிற் கொள்ளல் நேரிது.

பஸ் சாரதியரைப் பற்றியும் இவ்வாறே நடுநின்று நோக்குதல் வேண்டும். காலி வீதியில் ஒரு பஸ் மற்றொன்றை முந்த வேண்டி மஞ்சட் கடவையையும் பொருட்படுத்தாது பாய்வதைக் காண்கின்றோம். அது கொடிய குற்றமே. ஆயின் தனியார் பஸ் ஊழியரின் வருவாய் அன்றாட வசூலிலேயே தங்கியுளது; முன் செல்லும் பஸ்ஸே பயணிகளைப் பெறும். இத்தகைய போட்டியை ஒழித்தல் 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியதன் நோக்கங்களுள் ஒன்று. 1970களின் இறுதியில் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தபோது அப்போட்டியும் உடன் வந்தது. சாரதியைத் தண்டித்தால் மட்டும் போதாது; அவனை ஓடத் தூண்டும் ஊதிய முறையையும் மாற்றுதல் வேண்டும்.

காரோட்டும் கற்றோர்க்கோ இவ்வாறு கூறத்தக்க காரணம் ஒன்றுமில்லை. அவர் வசூலுக்காக விரைபவரல்லர். எனினும் முதியவர் ஒருவர் கடவையிற் கால்வைத்த அளவிலே ஹோணை அழுத்துகின்றனர். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிற் கைவண்டி இழுப்போன், பாரமேற்றிய லொறிக்கும் பளபளக்கும் காருக்கும் நடுவே அகப்பட்டு விழிப்பதைக் காணுந்தோறும், நம் கல்வி எங்கே போயிற்று என்று எண்ணத் தோன்றும்.

2024 ஏப்பிரல் 21இல், தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில், தடம் விலகிய வண்டி பார்வையாளர்மேற் பாய்ந்து எழுவரின் உயிரைக் குடித்தது. அவருள் ஒரு சிறுமியும் இருந்தாள். நாடு முழுதும் கலங்கியது. ஆயினும் நம் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். இரண்டு நாட்களுக்குள் அவ்வெழுவரின் தொகையை வீதிகள் எட்டிவிடுகின்றன. அதற்குக் கலங்குவார் சிலரே. வேகத்தை விரும்புவோர் அதற்கென வகுத்த களத்தைத் தக்க காவலோடு நாடட்டும். பொதுவீதி அவர்தம் களமன்று.

இனி, நம்மால் இயல்வன யாவை? கல்லூரி வாயிலை மறித்து வண்டி நிறுத்தும் வழக்கத்தைப் பழைய மாணவராகிய நாமே முதலிற் கைவிடுவோம். சற்றுத் தொலைவில் நிறுத்தி நடந்து வருதல் எவர்க்கும் இழுக்கன்று. நடந்துவரும் மாணவன் அவ்வாயிலில் அஞ்சாது நுழைதல் வேண்டும். உயர்வகுப்பு மாணவர்க்கு, அனுமதிப் பத்திரம் பெறும் வயது எய்துமுன்னரே, வீதி ஒழுங்கையும் வண்டி பேணலையும் கற்பிக்கக் கல்லூரி ஆவன செய்தல் நலம். நம்முட் பொறியியலாளர் உளர். வண்டி திருத்துமிடம் நடத்துவோர் உளர். காப்புறுதித் துறையினரும் உளர். சனிக்கிழமைகளில் இரண்டு மணிநேரம் ஈதல் இவர்க்கு அரிதன்று.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எவ்வண்டியில் வந்தீர் என்று ஒருவரையொருவர் வினவுவோம். அது நம் இயல்பு. வரும் வழியில் எத்தனை பேர்க்கு வழிவிட்டீர் என்றும் உடன் வினவுவோமாக.