அளவா, நோக்கமா?

போதைப்பொருளை வாங்கியவரும் விற்றவரும் ஒரே சதியின் பங்காளிகளா? அமெரிக்க நீதிமன்றங்களில் இது பழைய வினா. சொந்தப் பாவனைக்காக வாங்குவது மட்டும் விநியோகச் சதியாகாது. பிறருக்கு விநியோகிக்கும் உடன்பாடும் நிரூபிக்கப்படல் வேண்டும். எனினும் 1943இல், வைத்தியர் ஒருவருக்குத் தபால் மூலம் பெருமளவு மோர்பினைத் தொடர்ந்து விற்ற நிறுவனத்தைச் சதிக் குற்றவாளியாகவே அந்நாட்டு உயர் நீதிமன்றம் கண்டது. அங்கு அளவு, நோக்கத்துக்குச் சாட்சியானது.

இலங்கையிலோ அளவே தீர்ப்பாகின்றது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை. விற்கும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. 1976இன் பின்னர் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படாமை இக்குறையை நீக்கிவிடாது. அடிமையானவரையும் வியாபாரியையும் வேறுபடுத்தி நோக்காத சட்டம் நீதியை நிலைநாட்டாது.