மூக்கைத் தூக்கி ஓடும் லாரிகள்!

அளவு நாடாவுடன் போலீசார்

முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. பின்பக்கம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. நாய் குந்தி இருப்பது போன்ற தோற்றம்!

அமெரிக்காவில் தென் கரோலினாவிலும் பக்கத்து மாநிலங்களிலும், இளைஞர்கள் தங்கள் "பிக்கப்" லாரிகளை இப்படி மாற்றி ஓட்டினார்கள். "கரோலினா ஸ்குவாட்" என்று அதற்குப் பெயர். கரோலினா குந்தல் என்று சொல்லலாம்.

பந்தயத்தில் பிறந்த மோகம் இது என்பார்கள். மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் பந்தய லாரிகள் மேட்டில் ஏறிப் பாயும். விழும்போது மூக்கு குத்தாமல் இருக்க, முன்பக்கத்தை உயர்த்திக் கட்டுவார்கள். சரி, கடைத்தெருவுக்குப் போகும் லாரி எந்த மேட்டில் பாயப் போகிறது?

பின்பக்கத்தை இறக்கும் பாகங்கள் கடைகளில் கிடைக்கின்றன. பல பிக்கப் லாரிகளில், பின் அச்சின் மேல் ஸ்பிரிங் பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டைகளை அச்சுக்குக் கீழே மாற்றிக் கட்டினால், லாரி சில அங்குலம் இறங்கிவிடும்.

ஆனால், தொழிற்சாலையில் பின்பக்கத்தைச் சற்று உயரமாக வைப்பது சும்மா அல்ல. பாரம் ஏற்றியதும் அது அமுங்கும். லாரி சமமாக நிற்கும். ஏற்கனவே குந்திய லாரியில் பாரம் ஏற்றினால், இன்னும் குந்தும்!

கண்ணுக்குத் தெரியாத சிறுவன்

பெரிய அபாயம் முன்னால் இருக்கிறது. மூக்கு உயர்ந்த லாரியில், எதிரே சாலையைக் கடக்கும் சிறுவன் டிரைவர் கண்ணுக்குத் தெரியமாட்டான். இரவில் விளக்கு வெளிச்சம் சாலையில் விழாமல், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும்.

வட கரோலினா 2021-ல் இதற்குத் தடை போட்டது. வர்ஜீனியாவில் 2022 தொடக்கத்தில் இத்தகைய லாரி மோதி ஒருவர் இறந்தார். சில வாரங்களில் அங்கும் சட்டம் வந்தது. மோகத்துக்குப் பெயர் கொடுத்த தென் கரோலினா, 2023-ல்தான் விழித்தது.

பின்பக்கத்தைவிட முன்பக்கம் 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்தால் குற்றம். கரோலினாக்களில் மட்கார்டையும், வர்ஜீனியாவில் பம்பரையும் அளக்கிறார்கள். முன்னும் பின்னும் சமமாக இறக்கிய லாரியை இந்த 4 அங்குலச் சட்டம் தொடாது. "என் காசு, என் லாரி" என்பவர்களுக்கு இது நியாயமான பதில்தான். அழகுக்குத் தடை இல்லை; பார்வையை மறைப்பதற்கே தடை.

தென் கரோலினாவில் முதல் 6 மாதம் எச்சரித்து விட்டார்கள். பிறகு அபராதம்: முதல் முறை 100 டாலர், இரண்டாம் முறை 200, மூன்றாம் முறை 300. அத்துடன் ஓராண்டுக்கு லைசென்சும் போய்விடும்.