நாயைப் பிடிக்க ஆள் உண்டு, வைக்க இடம் இல்லை

பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், கருத்தடை செய்த பிறகும் அதே இடத்தில் கொண்டுபோய் விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டவுன் பஸ், வெளியூர் பஸ், ஆம்னி பஸ் என்று நிலையங்கள் அடுத்தடுத்து நிற்கும் கோவை காந்திபுரத்தின் தலையில் இந்த உத்தரவு நேராக வந்து விழுகிறது. பிடித்த நாய்களை எங்கே வைப்பது என்பதுதான் மாநகராட்சியின் முன் நிற்கும் கேள்வி. அடிபட்ட நாய்களை மீட்கும் தன்னார்வலர்களுக்கோ இது அன்றாடத் தலைவலி.

மீட்பு என்றதும் வலையோடு ஓடும் காட்சிதான் பலருக்கும் தோன்றும். அது அரை மணி நேர வேலை. காதுக்குப் பின்னால் புழு வைத்த நாய் ஒன்றைப் பாருங்கள். பாண்டேஜ் துணியால் வாயைக் கட்டி ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முடியைக் கத்தரித்து, மருந்து விட்டு, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரே நாளில் தீராது. சதைக்குள் ஒளிந்தவை மறுநாள் தலைகாட்டும். தெருவிலேயே விட்டுவிட்டால், ஒரு முறை வலியறிந்த நாய் அடுத்த நாள் கைக்கு அகப்படாது. பார்வோ வைரஸ் நோய் வந்த குட்டிக்கு நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். கால் முறிந்ததை வாரக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டும். டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் வந்த நாயை மற்ற நாய்களின் பக்கத்திலேயே விடக் கூடாது. இத்தனைக்கும் இன்று பெரும்பாலும் கைகொடுப்பது தன்னார்வலர் வீட்டு மொட்டை மாடியும் பாத்ரூமும்தான். வாடகை வீடு என்றால், வீட்டுக்காரர் கண்ணில் படும் வரைக்கும்.

"ஏனுங்க, இங்கொரு நாய் அடிபட்டுக் கெடக்குதுங்க, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று போன் செய்கிறவர் நல்ல மனசுக்காரர்தான். "ரெண்டு நாளைக்கு உங்க ஷெட்டுல கட்டி வெச்சுக்கிறீங்களாங்க?" என்று திருப்பிக் கேட்டால் போன் கட் ஆகிவிடும். குட்டிகளைத் தத்துக் கொடுப்பதும் லேசில்லை. கடுவன் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். பெட்டைக் குட்டிகள் அட்டைப்பெட்டியோடு மீந்துபோகும்.

மனிதர்கள் கடிபட்டுச் சாகும்போது நாய்க்கு வார்டு கேட்பதா என்று கோபப்படுவோர் உண்டு. கோபத்தில் நியாயம் இருக்கிறது. தமிழகத்தில் 2024-இல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். ஆனால் வெறிநோயை ஒடுக்க ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டாக வேண்டும். ஊசி போட நாய் முதலில் கைக்கு வர வேண்டும். எந்தச் சந்தில் எந்த நாய் குட்டி போட்டது, எது மிரளும், எது கடிக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தத் தன்னார்வலர்கள்தாம். அவர்களைச் சோர்ந்துபோக விட்டால் நட்டம் நமக்கே. பிஸ்கட் போடுவதோடு கடமை முடிந்தது, கருத்தடை வேறு யாரோ செய்துகொள்ளட்டும் என்றிருக்கும் நாய்ப் பிரியர்கள் மீதும் நமக்கு வருத்தம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

தன்னார்வலர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு அரசு வேடிக்கை பார்ப்பது நமக்குப் புதிதில்லை. 1959-இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ், நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் வழியை 1964-இலேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. நாடு முழுமைக்குமான விதிகள் 2001-இல்தான் வந்தன. காந்திபுரமும் அப்படிக் காத்திருக்க வேண்டுமா?

கோவை மாநகராட்சி தன் ஐந்து மண்டலங்களிலும் தலா ஒரு பராமரிப்புக் கூடம் திறக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. தொற்றுநோய் நாய்களுக்குத் தனி அறையும், இரவிலும் அழைத்தால் வரும் கால்நடை மருத்துவரும் வேண்டும். ஒண்டிப்புதூர், சீரநாயக்கன்பாளையம் கருத்தடை மையங்களிலேயே நோயுற்ற நாய்களையும் தள்ளிவிடலாம் என்பது சரிவராது. அறுவை முடிந்த நாய்களை 2023 விதிகளின்படி நாலு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்வோ நாயைச் சேர்த்தால் அத்தனைக்கும் ஆபத்து.

நிலம் மாநகராட்சியிடம் இருக்கிறது, கூலி கேட்காமல் உழைக்க ஆட்களும் இருக்கிறார்கள். பஸ் நிலைய நாய்களுக்காகக் காப்பகம் எப்படியும் கட்டியாக வேண்டும். அதன் வரைபடத்திலேயே சிகிச்சைக் கூடத்தையும் சேர்த்துப் போட்டால் செலவும் குறையும். அதைச் செய்யாமல் உத்தரவை மட்டும் நிறைவேற்றக் கிளம்பினால், காந்திபுரத்தில் பிடித்த நாய்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு வெளியே இறக்கிவிடப்படும் அபாயம் இருக்கிறது. சூலூர்க்காரர்களும் அன்னூர்க்காரர்களும் என்ன பாவம் செய்தார்கள்?

கூடம் எழும்ப மாதங்கள் ஆகும். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நாய் பிடிக்கும் கைகளுக்கு வெறிநோய் முன்தடுப்பு ஊசியை மாநகராட்சி நகர்நல மையங்களில் இலவசமாகப் போடுங்கள். அதற்குக் கட்டடம் வேண்டாம், டெண்டரும் வேண்டாம்.