சந்து குறுகல்தான், முட்டவில்லை

நகரத்தை எப்படிக் கட்டக்கூடாது என்று கேட்டால் பலரும் சென்னை வண்ணாரப்பேட்டைப் பக்கம்தான் கை காட்டுவார்கள். சந்து பொந்து, நெரிசல், திட்டமில்லாமல் வளர்ந்த ஊர். புறநகரில் நாற்பது அடி ரோடு விட்டுப் போடும் லேஅவுட்தான் நகரம் என்பது அவர்கள் கட்சி.

குறுகல் உண்மை. ஃபயர் இன்ஜின் நுழையாத சந்துகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் குறுகலான தெரு வேறு, முட்டுச்சந்து வேறு. தீபாவளி சமயத்தில் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கூட்டத்தில் கால் வைக்க முடியாது. உள்ளூர்க்காரர் அதில் இடிபடுவதில்லை. பக்கத்துத் தெருவில் திரும்பி, அடுத்ததில் ஒடித்து, ஜி.ஏ. ரோட்டுக்கோ டி.எச். ரோட்டுக்கோ வந்துவிடுவார். லேஅவுட்டில் நாற்பது அடி ரோடு போய் காம்பவுண்டுச் சுவரில் முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பால் கடைக்குக்கூட மெயின் கேட் வழியாகச் சுற்ற வேண்டும், அதற்குப் பைக் வேண்டும்.

அப்படியானால் இங்கே ஏன் இவ்வளவு டிராஃபிக்? அதைத் தண்டவாளத்திடம் கேட்க வேண்டும். 1856-இல் ராயபுரத்தில் ரயில் புறப்பட்ட பிறகு பெருகிய பாதைகள், வண்ணாரப்பேட்டையைக் கொருக்குப்பேட்டையிலிருந்து வெட்டிப் போட்டன. கேட் போட்டால் கூட்ஸ் நகரும்வரை ஆட்டோ, ஆம்புலன்ஸ் எல்லாம் நிற்கும். பொறுமை போனவர் பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைப்பார். 2019-இல் வண்ணாரப்பேட்டைக்கும் 2021-இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது. நல்லதுதான். ஆனால் அது தெற்கு வடக்காக ஓடுகிறது, கேட்டில் நிற்பவர் கிழக்கு மேற்காகப் போக வேண்டியவர்.

ஊர் பெருத்தால் தெருக்கள் துண்டுபடத்தான் செய்யும் என்பது அடுத்த வாதம். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலகத் தெருக்களை அளந்து 2020-இல் வெளியிட்டார்கள். 1975-க்குப் பிறகு போட்ட தெருக்கள் பொதுவாகத் தொடர்பறுந்து போனது நிஜம். ஆனால் அமெரிக்காவில் முட்டுச்சந்து மோகம் 1990-களின் நடுவில் உச்சம் தொட்டு இறங்கியிருக்கிறது. அத்தனை பெரிய டோக்கியோவில் சின்னச் சின்னத் தெருக்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன.

பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பவர்களும் உண்டு. வீட்டை இடித்துக் கட்டலாம், இரு பக்கமும் பட்டா போட்டுவிட்ட தெருவை நகர்த்த முடியுமா? 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அங்கே வயல் மனையாகும்போது, ஒப்புதல் தரும் அதிகாரி ரோட்டின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகாமல், அது பக்கத்து மனைப்பிரிவின் ரோட்டில் போய்ச் சேருகிறதா என்றும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.